தாய் எழுதினார், மகன் வரைந்தார்
இசைத்தட்டு உறையில் வாழ்ந்த ஓவியர் ஆண்டி வார்ஹோல்

ஆண்டி என்றால் நம் ஊரில் கையில் காசு இல்லாதவர். அமெரிக்காவில் ஓர் ஆண்டி இருந்தார். பிறந்தபோது அவரும் நம் ஊர் ஆண்டியைப் போலத்தான் இருந்தார். இறந்தபோது கோடீஸ்வரர். அவர்தான் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோல்.

சூப் டப்பாவை ஓவியமாக வரைந்தவர் என்று அவரைப் பலர் அறிவார்கள். நடிகை மர்லின் மன்றோவின் முகத்தைப் பல நிறங்களில் அச்சிட்டவர் என்றும் சொல்வார்கள். ஆனால் பிழைப்புத் தேடி நியூயார்க் வந்த முதல் வருஷத்திலேயே அவர் செய்த ஒரு வேலை பலருக்குத் தெரியாது. இசைத்தட்டுகளுக்கு உறை வரைந்த வேலை அது. கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. 50-க்கும் மேற்பட்ட உறைகள் அவர் கைவண்ணத்தில் வந்துள்ளன.

அந்த உறைகளைப் பார்த்தால் அவருடைய வாழ்க்கை தெரியும். அவருடைய தாயின் வாழ்க்கையும் தெரியும்.

மலைக் கிராமம்

கிழக்கு ஐரோப்பாவில் கார்ப்பாத்திய மலைப்பகுதியில் மிகோவா என்று ஒரு சிற்றூர். இன்று அது சுலோவாக்கியா நாட்டில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஏழைத் தம்பதிகள் ஒந்திரெய் வார்ஹோலா, ஜூலியா. ருசின் என்ற சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள். அவர்களுடைய முதல் குழந்தை ஊரிலேயே இறந்துவிட்டது.

1914-ல் கணவர் பிழைப்புக்காக அமெரிக்கா போனார். அந்த வருஷமே முதலாம் உலகப்போர் மூண்டது. ஜூலியா ஊரில் தனியே கிடந்து துன்பப்பட்டார். 1921-ல்தான் கணவரிடம் போய்ச் சேர முடிந்தது. கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று 7 வருஷம் கழிந்தது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு அந்தப் பிரிவின் வலியை விளக்கவேண்டியது இல்லை.

அவர்கள் குடியேறிய பிட்ஸ்பர்க், இரும்பு ஆலைகளும் புகையும் நிறைந்த நகரம். ஒந்திரெய்க்குக் கட்டட வேலை. பால், ஜான் என்று 2 பிள்ளைகளுக்குப் பிறகு 1928 ஆகஸ்டு 6-ந் தேதி ஆண்டி பிறந்தார்.

குடும்பச் செலவுக்கு ஜூலியாவும் உழைத்தார். காலி டப்பாக்களின் தகரத்தை வெட்டிப் பூக்கள் செய்வார். வண்ணக் காகிதத்திலும் பூச்செய்வார். வீடு வீடாகப் போய் விற்பார். டப்பாவும் ஒரு கலைப்பொருள் ஆகலாம் என்பதை மகன் உலகத்துக்குச் சொன்னதற்கு வெகு காலம் முன்பே தாய் அதைச் செய்து காட்டிவிட்டார்.

ஒரு பக்கத்துக்கு ஒரு சாக்லேட்

சுமார் 8 வயதில் ஆண்டிக்குக் கைகால் தாமாகவே உதறும் நரம்பு நோய் வந்தது. பள்ளிக்கூடம் போக முடியவில்லை. படுக்கையில் கிடந்தார். ஜூலியா மகனுக்குச் சினிமாப் பத்திரிகைகளும் வண்ணம் தீட்டும் புத்தகங்களும் வாங்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் தீட்டி முடித்தால் ஒரு சாக்லேட் பரிசு. சிறுவன் ஓவியன் ஆனான்.

1942-ல் தந்தை இறந்தார். ஆண்டிக்கு அப்போது 13 வயது. மூன்று பிள்ளைகளில் இவன்தான் படிக்கப்போகிறவன் என்று தந்தை தீர்மானித்து, கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பணத்தில்தான் ஆண்டி பிட்ஸ்பர்க் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் ஓவியம் படித்தார். விடுமுறையில் அண்ணன் பாலின் காய்கறி வண்டியில் போய் வேலை பார்த்தார். காய்கறி வாங்க வந்தவர்களைப் படமாக வரைந்தார். அந்தப் படங்களுக்குக் கல்லூரியில் பரிசு கிடைத்தது.

1949-ல் பட்டம் பெற்றார். அந்தக் கோடையிலேயே ஒரு நண்பருடன் நியூயார்க்குக்கு ரெயில் ஏறினார். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார். வார்ஹோலா என்ற பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு வார்ஹோல் ஆனார்.

சாம்பல் உறைக்கு உயிர் வந்தது

அந்த நாளில் இசைத்தட்டு உறைத் தொழில் எப்படி இருந்தது?

பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் பாட்டு இருக்கும். பெரிய இசைக் கோவை ஒன்றைக் கேட்க நாலைந்து தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் இட்டு, போட்டோ ஆல்பம் போல் சேர்த்துத் தைத்து விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். மேலட்டையில் படம் கிடையாது. பெயர் மட்டும் பொறித்திருக்கும். கடை அலமாரியில் கணக்குப் புத்தகம் போல் வரிசையாக நிற்கும்.

1940-ல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அதை மாற்றினார். பாட்டைக் கேட்பதற்கு முன்பே கண்ணைக் கவரவேண்டும் என்று மேலட்டையில் வண்ணப் படம் போட்டார். விற்பனை ஏறியது. 1948-ல் அதே கம்பெனி நீண்ட நேரம் பாடும் எல்.பி. தட்டைக் கொண்டு வந்தது. ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் பாடும். ஒரு தட்டுக்கு ஓர் அட்டை உறை. அது ஓர் அடிச் சதுரம். ஓவியர்களுக்கு ஒரு புதிய பலகை கிடைத்தது.

சரியாக அடுத்த வருஷம் வார்ஹோல் நியூயார்க் வந்து இறங்கினார். 1949-ல் கொலம்பியா வெளியிட்ட மெக்சிகோ இசைத்தட்டு ஒன்றுக்கு உறைப் படம் வரைந்தார். நடத்தியவர் மெக்சிகோ இசை மேதை கார்லோஸ் சாவேஸ். அதுதான் தொடக்கம்.

மை ஒற்றும் வித்தை

வார்ஹோல் படம் போட ஒரு தனி வழி வைத்திருந்தார். ஒரு தாளில் படத்தை வரைவார். அதன் ஓரத்தில் இன்னொரு தாளை ஒட்டி, புத்தகப் பக்கம் போல் மடக்கித் திறக்கும்படி வைப்பார். கோட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக மை தடவி, மற்றத் தாளை அதன் மேல் அழுத்துவார். மை ஒற்றிக்கொள்ளும். கோடு ஒரே சீராக வராது. சில இடத்தில் அறுந்தும் சில இடத்தில் திரண்டும் வரும். அந்த அறுந்த கோடுதான் அவருடைய அடையாளமாகியது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். கையால் வரைந்தது வேறு தாளில் தங்கிவிடும். அச்சுக்குப் போவது அதன் பிரதி. அசலைவிடப் பிரதியே அழகு! பிற்காலத்தில் ஒரே படத்தைப் பட்டுத்திரை அச்சில் பல தடவை அச்சிட்டு அவர் உலகத்தை அசத்தினாரே, அதற்கு வித்து இதுதான்.

1952-ல் ஜூலியா பிட்ஸ்பர்க்கை விட்டு மகனிடம் வந்துவிட்டார். தனியாக இருக்கும் மகனுக்குச் சமைத்துப் போட்டு, வீட்டைக் கவனிக்க ஆளில்லையே என்பது அவர் கவலை. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆனால் கையெழுத்து பூவேலை செய்ததுபோல் சுழித்துச் சுழித்து இருக்கும். அதைப் பார்த்த மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தம் படங்களுக்குக் கீழே வரவேண்டிய எழுத்துக்களைத் தாயையே எழுதச் சொன்னார்.

எழுதவேண்டியதை மகன் கொடுப்பார். தாய் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுவார். சில இடங்களில் ஓர் எழுத்து விட்டுப்போகும். மகன் திருத்தமாட்டார். தவறோடு அச்சுக்குப் போகும். அந்தத் தவறிலும் அவர் ஓர் அழகைக் கண்டார்.

நம் ஆபீசுகளில் குமாஸ்தா எழுதுவார், அதிகாரி கையெழுத்துப் போடுவார். அந்த வீட்டில் தலைகீழ். மகன் படம் வரைவார். மகனின் பெயரைத் தாய் கையெழுத்துப் போடுவார். தாய் களைத்துப்போனால் நேதன் கிளக் என்ற உதவியாளர் அந்தத் தாயின் எழுத்தைப் போலவே எழுதிக் கொடுப்பார்.

பார்வை இழந்த இசைஞர்

நியூயார்க் தெருவில் அப்போது ஒரு விசித்திர மனிதர் நிற்பார். நீண்ட தாடி, போர்வை போன்ற உடை. இளம் வயதில் வெடி விபத்தில் இரு கண்களையும் இழந்தவர். இயற்பெயர் லூயி ஹார்டின். மூன்டாக் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். தெருவில் தாமே செய்த வாத்தியங்களை வாசிப்பார். பெரிய பெரிய இசைக் கலைஞர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

1957-ல் பிரெஸ்டிஜ் கம்பெனி அவருடைய இசைத்தட்டை வெளியிட்டது. வார்ஹோல் அதற்குச் செய்த உறையில் படமே இல்லை. மேலட்டை முழுவதும் எழுத்து. மூன்டாக்கின் கதையை வரிவரியாக ஜூலியா தம் சுழிக்கையெழுத்தில் எழுதியிருந்தார். இசைத்தவருக்குக் கண் தெரியாது. எழுதியவருக்கு அந்த மொழி சரியாகத் தெரியாது. ஆனால் கடையில் அந்த உறையைப் பார்த்தவர்கள் கையில் எடுத்துப் பார்க்காமல் போகமுடியாது.

1958-ல் அமெரிக்க கிராஃபிக் கலைக் கழகம் அந்த உறைக்குப் பாராட்டுச் சான்று வழங்கியது. யார் பெயருக்குத் தெரியுமா? ஆண்டி வார்ஹோலின் தாய் என்ற பெயருக்கு! ஜூலியா என்ற சொந்தப் பெயர் அங்கே இடம்பெறவில்லை.

அதே காலத்தில் புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கும் வார்ஹோல் வரைந்தார். கம்பெனியின் உறைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸ் அவருக்கு வேலை கொடுத்தார். கித்தார் கலைஞர் கென்னி பரல், சாக்சபோன் கலைஞர் ஜானி கிரிஃபின் ஆகியோரின் தட்டுகளை வார்ஹோலின் அறுந்த கோடு அலங்கரித்தது.

பெட்டி யாருடையது?

1962-ல் வார்ஹோல் 32 சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாக வரைந்து லாஸ் ஏஞ்சல்சில் கண்காட்சி வைத்தார். சிலர் சிரித்தார்கள். கண்காட்சிக்காரர் 32 படங்களையும் சேர்த்து 1,000 டாலருக்குத் தாமே வாங்கிக்கொண்டார். அதையும் மாதத் தவணையில் கொடுத்தார். 1996-ல் அந்தப் படங்கள் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச் சாலைக்குப் போனபோது மதிப்பு ஒன்றரைக் கோடி டாலர்!

1964-ல் பாத்திரம் துலக்கும் பிரில்லோ சோப்பு நார் வரும் அட்டைப் பெட்டியைப் போல மரத்தில் பெட்டிகள் செய்து அடுக்கினார். ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் அந்தப் பெட்டியின் சிவப்பு நீல டிசைனை முதலில் போட்டவர் யார்? ஜேம்ஸ் ஹார்வி என்ற ஓவியர். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு கம்பெனியில் பெட்டி டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். தாம் சம்பளத்துக்குச் செய்த பெட்டியை இன்னொருவர் கலை என்று காட்டிப் புகழ் பெற்றதை அவர் பார்த்தார். அடுத்த வருஷம் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்பது உலகத்தில் புதிது அல்ல. வார்ஹோல் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப வந்தது.

உரிக்கக்கூடிய வாழைப்பழம்

1966-ல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற இசைக்குழுவை வார்ஹோல் ஆதரித்தார். லூ ரீட், ஜான் கேல் முதலியோரின் குழு. ஜெர்மனியில் பிறந்த நிக்கோ என்ற பாடகியையும் அதில் சேர்த்துவிட்டார். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1967 மார்ச்சில் வெளிவந்தது.

உறையில் வெள்ளைப் பின்னணி. நடுவில் ஒரு மஞ்சள் வாழைப்பழம். கீழே ஆண்டி வார்ஹோல் என்ற பெயர். முகப்பில் குழுவின் பெயரே இல்லை. மஞ்சள் தோல் ஓர் ஒட்டுத்தாள். மெதுவாக உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம் தெரியும். இந்த ஒட்டுத்தாள் வேலைக்குத் தனி எந்திரம் வேண்டியிருந்தது. வார்ஹோல் பெயருக்காகக் கம்பெனி அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது.

பின் அட்டையில் இன்னொரு வில்லங்கம். அதில் இருந்த போட்டோவில், தம்மைக் கேட்காமல் தம் முகத்தைப் போட்டுவிட்டார்கள் என்று எரிக் எமர்சன் என்ற நடிகர் பணம் கேட்டார். கம்பெனி அந்த முகத்தின் மேல் காகிதம் ஒட்டியது. பிறகு படத்திலிருந்தே அகற்றியது. தட்டு கடைக்குப் போவது தடைப்பட்டது. விற்பனை குறைவு. பல வருஷம் கழித்துத்தான் அந்த இசையின் பெருமையை உலகம் உணர்ந்தது.

அந்த வாழைப்பழம் பிற்பாடு கோர்ட்டுக்கும் போனது. பழம் யாருக்குச் சொந்தம் என்று 2012-ல் குழுவினர் வார்ஹோல் அறக்கட்டளை மீது வழக்குப் போட்டார்கள். 2013-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

ஜிப்பு செய்த சேட்டை

1968 ஜூன் 3-ந் தேதி வலேரி சொலானஸ் என்ற பெண் வார்ஹோலைத் துப்பாக்கியால் சுட்டாள். பிழைப்பதே அரிது என்று கருதப்பட்டவர் அறுவைச் சிகிச்சையால் உயிர் தப்பினார். அதன்பின் வாழ்நாள் முழுதும் வயிற்றில் இறுக்குப் பட்டை கட்டிக்கொண்டே நடமாடினார்.

1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உறை எவ்வளவு சிக்கலாக இருக்கிறதோ அவ்வளவு தாமதமும் தொல்லையும் வரும் என்று அதில் நயமாக எச்சரித்திருந்தார். மற்றதையெல்லாம் வார்ஹோல் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

எச்சரிக்கை பலிக்கவில்லை! 1971-ல் வந்த ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ் இசைத்தட்டின் உறையில் ஜீன்ஸ் கால்சட்டையின் படம். அதில் நிஜமான உலோக ஜிப்பு. இழுத்தால் திறக்கும். வார்ஹோலின் யோசனையை அட்டையில் நடத்திக் காட்டியவர் கிரெய்க் பிரான் என்ற உறைத் தயாரிப்பாளர்.

தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பாரம் அழுத்தியது. ஜிப்பின் இரும்பு, அடுத்த தட்டின் மேல் பதிந்து பாட்டுள்ள இடத்தைப் பள்ளமாக்கியது. தட்டுகள் திரும்பி வந்தன. பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும். எவ்வளவு அழகான சரக்கானாலும் அடுக்கி அனுப்புவதற்குத் தாங்கவேண்டும்.

பிரான் ஒரு வழி கண்டுபிடித்தார். அனுப்புவதற்கு முன்பு ஒவ்வொரு ஜிப்பையும் பாதி இறக்கி வைக்கச் சொன்னார். இப்போது இரும்பு அழுத்தும் இடம் தட்டின் நடுவே உள்ள வட்டக் காகிதம். அங்கே பாட்டு கிடையாது! வேலை முடிந்தது. படம் வரைந்தவர் பெயரை உலகம் அறியும். ஜிப்பைப் பாதி இறக்கி வைத்த கைகள் யாருடையவை என்று எந்த உறையிலும் அச்சிடவில்லை.

ஸ்பெயின் நாட்டில் அந்த உறையை அனுமதிக்கவில்லை. அங்கே வேறு படம் போட்டு விற்றார்கள்.

தாய்க்குப் பக்கத்தில்

ஜூலியா ஏறக்குறைய 20 வருஷம் மகனோடு நியூயார்க்கில் இருந்தார். முதுமையும் நோயும் வந்தபின் 1971-ல் பிட்ஸ்பர்க்குக்கே திரும்பினார். 1972 நவம்பர் 22-ந் தேதி இறந்தார். சாவுச் செலவை ஏற்றுக்கொண்ட மகன், அடக்கத்துக்குப் போகவில்லை. தாய் இறந்ததைப் பலரிடம் சொல்லவும் இல்லை. இதைக் கல்நெஞ்சம் என்று சொன்னவர்கள் உண்டு. சாவை நேரில் காணும் தைரியம் அவருக்கு இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. 1974-ல் அவர் தாயின் முகத்தை வரைந்தார்.

உறை வேலை தொடர்ந்தது. 1977-ல் மீண்டும் ரோலிங் ஸ்டோன்சுக்கு வரைந்தார். அந்தப் படத்தின் மேல் ஜாகர் தம் கையால் எழுத்துக்களைக் கிறுக்கிவிட்டார். வார்ஹோலுக்கு அது பிடிக்கவில்லை. அவர் படத்தோடு சேரும் எழுத்தை ஒரு காலத்தில் எழுதியவர் அவருடைய தாய் அல்லவா? 1982-ல் டயானா ராஸ், 1986-ல் அரேதா ஃப்ராங்க்ளின் ஆகியோரின் இசைத்தட்டுகளுக்கும் அவர் படமே முகப்பு.

1987 பிப்ரவரியில் பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சிகிச்சை முடிந்த மறுநாள், 22-ந் தேதி காலை, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 58. நியூயார்க்கில் வாழ்ந்து புகழ் பெற்றவரைப் பிட்ஸ்பர்க் அருகே, தாய் தந்தையர் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

பெற்றோரின் மிகோவா கிராமத்துக்கு அருகே உள்ள மெட்சிலபோர்ட்சே நகரில் 1991-ல் அவர் பெயரில் ஒரு காட்சிச்சாலை திறந்தார்கள். பிட்ஸ்பர்க்கில் பெரிய காட்சிச்சாலை 1994-ல் வந்தது. கூலி வேலைக்காகக் கடல் கடந்து போன ஒரு குடும்பத்துக்குப் புறப்பட்ட ஊரிலும் மரியாதை, போய்ச் சேர்ந்த ஊரிலும் மரியாதை.

மூன்டாக் இசைத்தட்டின் அந்த எழுத்து உறையைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போது ஆண்டி வார்ஹோலின் தாய் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவதில்லை. ஜூலியா வார்ஹோலா என்று பெயர் சொல்லியே எழுதுகிறார்கள். அதைப் பார்க்க அந்த அம்மாள் இல்லை. ஆனாலும் அவர் பெயர் வந்து சேர்ந்துவிட்டது.